பேய்ப் படத்தின் மூலையில் ஒரு கையெழுத்து

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏதாவது பயனுள்ள விஷயமா பேசுங்க சார்" என்றார் செயலாளர். நான் பேய்க் கதைப் படங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பயன் உண்டா இல்லையா என்பதைக் கடைசியில் நீங்களே சொல்லுங்கள்.

1978. நான் இங்கே பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. விடுதியில் என் அறைத் தோழன் பிரமாதமாகப் படம் போடுவான். மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையிலிருந்து ஒருநாள் மேலட்டை இல்லாத சின்னப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்தான். கறுப்பு வெள்ளையில் அமெரிக்கப் பேய்ப் படக்கதைகள், மறுபதிப்பு. நான் ஒரே இரவில் கதைகளைப் படித்துத் தூக்கிப் போட்டுவிட்டேன். அவனோ ஒரு வாரம் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "கதையை விடுடா, இந்தக் கெழவியோட விரலைப் பாரு" என்றான். படத்தின் மூலையில் ஒரு கையெழுத்து: 'காஸ்ட்லி'. விலை அதிகம் என்று நினைத்துவிடாதீர்கள்! கோரம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் அது. கிரஹாம் இங்கெல்ஸ் என்ற ஓவியர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர்.

அந்தப் புத்தகத்தின் பூர்வீகம் நியூயார்க்கில் இருந்த இ.சி. காமிக்ஸ். அதை நடத்தியவர் 1947-ல் படகு விபத்தில் இறந்தார். மகன் வில்லியம் கெய்ன்ஸ் பொறுப்பேற்று, ஆல் ஃபெல்ட்ஸ்டீன் என்ற ஆசிரியரோடு சேர்ந்து 1950-ல் மூன்று பேய்க் கதை இதழ்களைத் தொடங்கினார். அங்கே வேலை நடந்த முறை விசித்திரமானது. முதலில் அட்டையில் கட்டம் போட்டு வசனம் முழுவதையும் எழுதிவிடுவார்கள். மிச்சம் இருக்கும் இடத்தில்தான் ஓவியர் வரைய வேண்டும். கல்யாண வீட்டில் சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு வண்டியில் ஆள் ஏறுகிற மாதிரி! அந்த இடுக்கிலும் ஒவ்வொருவரும் தன் முத்திரையைப் பதித்தார்.

இங்கெல்ஸ் வரைந்தால் சுவர், மரம், மனிதத் தோல் எல்லாமே ஊறி வழிகிற மாதிரி இருக்கும். ஜானி கிரெய்க் நேர் எதிர். துடைத்து வைத்த மாதிரி சுத்தமான கோடுகள். பயம் முழுக்க முகத்தில்தான் இருக்கும். அவர் நிதானமாக வரைபவர். தன் கதைகளைத் தானே எழுதியும் கொள்வார். ஜாக் டேவிஸின் ஆட்களுக்குப் பெரிய பாதம், பெரிய ஷூ. பயந்துகொண்டே சிரிக்கலாம்.

பெர்னார்ட் கிரிக்ஸ்டீன் என்று ஒருவர். பேய் இதழில் அல்ல, அதே நிறுவனம் 1955-ல் தொடங்கிய 'இம்பாக்ட்' முதல் இதழில் 'மாஸ்டர் ரேஸ்' என்ற கதை. நாஜி வதைமுகாமின் பழைய அதிகாரி நியூயார்க் சுரங்க ரயிலில் போகிறான். எதிரே ஒரு முகத்தைப் பார்க்கிறான். ஓவியருக்குக் கொடுத்தது ஆறு பக்கம். இது போதாது என்று போராடி எட்டுப் பக்கம் வாங்கினார். ஏற்கனவே எழுதியிருந்த வசனங்களை வெட்டி, வேறு வேறு கட்டங்களில் ஒட்டி, ஒரு நொடியைப் பல துண்டாக்கிக் காட்டினார். இதில் பேயே இல்லை. ஆனால் பார்த்தால் முதுகு சில்லிடும்.

1954 ஏப்ரலில் அமெரிக்க செனட் துணைக் குழு நியூயார்க்கில் விசாரணை நடத்தியது. காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்பது புகார். கோடாரியும் வெட்டுண்ட பெண் தலையுமாக ஜானி கிரெய்க் வரைந்த ஓர் அட்டைப் படத்தைத் தூக்கிக் காட்டி, இது நல்ல ரசனையா என்று கேட்டார் செனட்டர் கீஃபாவர். பேய்ப் பத்திரிகை அட்டைக்கு நல்ல ரசனைதான் என்றார் கெய்ன்ஸ். அந்தப் பதில் அவருக்கே வினையாயிற்று. அதே ஆண்டு பதிப்பாளர்கள் கூடித் தங்களுக்குத் தாங்களே விதி வகுத்துக்கொண்டார்கள். திகில், பயங்கரம் என்ற சொற்கள் இதழின் பெயரில்கூட வரக் கூடாது என்றாகிவிட்டது. மூன்று இதழ்களும் நின்றன.

நியாயமாகச் சொல்ல வேண்டும். சில படங்கள் எல்லை மீறியவைதான். என் பேரன் கையில் நானும் கொடுக்க மாட்டேன். ஆனால் இங்கெல்ஸின் கதை என்னை உறுத்துகிறது. அவர் ஃபுளோரிடா போய் ஓவியம் கற்றுக்கொடுத்து வாழ்ந்தார். பழைய வேலையைப் பற்றிப் பல ஆண்டுகள் பேசவே விரும்பவில்லை. 1991-ல் காலமானார். அவ்வளவு அழகான கை, தான் செய்ததை மறைத்துக்கொண்டு வாழ்ந்தது!

இ.சி. நிறுவனத்தை நான் மெச்சுவது ஒரு விஷயத்துக்காக. ஓவியர்கள் கையெழுத்துப் போட அனுமதித்தார்கள். ஓவியரின் படத்தையும் வரலாற்றையும் ஒரு பக்கம் அச்சிட்டார்கள். அந்தக் காலத்தில் இது அபூர்வம். டொனால்ட் டக் கதைகளை வரைந்த கார்ல் பார்க்ஸின் பெயர்கூடப் பல ஆண்டுகள் வாசகர்களுக்குத் தெரியாது.

இப்போது என் சொந்தக் கணக்குக்கு வருகிறேன். 1979-ல் எங்கள் விடுதியில் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். ஆசிரியர் நான். முதல் பக்கத்தில் என் பெயரைப் பெரிதாக எழுதிக்கொண்டேன். படங்கள் எல்லாம் என் அறைத் தோழன் போட்டவை. ராத்திரி இரண்டு மணி வரை விழித்துப் போடுவான். அவன் பெயரை நான் எங்கேயும் எழுதவில்லை. வேண்டுமென்று செய்ததல்ல. தோன்றவே இல்லை. அதுதான் இன்னும் மோசம்.

போன மாதம் இந்த உரைக்காக அவனுக்குப் போன் செய்து இதைச் சொன்னேன். "அட, அதையெல்லாம் இன்னும் ஞாபகம் வச்சிருக்கியா!" என்று சிரித்தான். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னான்: "பதினோரு படம்டா."

நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் எண்ணிக்கை மறக்கவில்லை, பாருங்கள்.

அந்தப் பத்திரிகை நம் நூலகத்தில் இருக்கிறது. இன்று காலை நூலகரிடம் அனுமதி வாங்கி, பதினோரு படத்துக்கும் கீழே அவன் பெயரை என் கையால் எழுதி வைத்தேன். அவன் பெயரை நான் மேடையில் சொல்லப் போவதில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. போய்ப் பாருங்கள்.

மாணவச் செல்வங்களே, படக்கதை கையில் கிடைத்தால் ஒருமுறை வசனத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் பாருங்கள். பிறகு மூலையில் பெயரைத் தேடுங்கள். விழாவுக்குக் கோலம் போட்டவர், பேனர் வரைந்தவர், இந்த மலரின் அட்டைக்குப் படம் போட்டவர், எல்லாருக்கும் ஒரு பெயர் இருக்கிறது. அதைக் கேட்டு எழுதுங்கள். என்னைப் போல இத்தனை வருஷம் காத்திருக்காதீர்கள்.