காலுறை பின்னிய சிறுமி

(திருப்பூர்ப் படிப்பகம் ஒன்றில் பனியன் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



'ஏழை படும் பாடு' என்றதும் பெரியவர்களுக்குச் சினிமாதான் ஞாபகம் வரும். 1950-இல் நம் கோயமுத்தூர் பட்சிராஜா ஸ்டூடியோவில் எடுத்த படம். ராம்நாத் டைரக்ட் செய்தார், நாகையா நடித்தார். இன்ஸ்பெக்டர் ஜாவர் வேஷம் கட்டிய சீதாராமனுக்குக் கடைசிவரை 'ஜாவர் சீதாராமன்' என்றே பெயர் நின்றுவிட்டது. அந்தக் கதை பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹியூகோ 1862-இல் வெளியிட்ட நாவல். அதைத் தமிழில் தந்தவர் சுத்தானந்த பாரதியார்.

இந்தக் கதையில் எல்லோரும் மெச்சும் காட்சி ஒன்று உண்டு. சிறையிலிருந்து வந்த ழான் வல்ழான், தனக்குச் சோறும் படுக்கையும் தந்த பாதிரியாரின் வெள்ளிப் பாத்திரங்களைத் திருடிக்கொண்டு ஓடுகிறான். போலீஸ் பிடித்து வருகிறது. பாதிரியாரோ, அவை நான் கொடுத்தவைதான் என்று சொல்லி, வெள்ளி விளக்குத் தண்டுகளையும் சேர்த்துக் கொடுத்து அனுப்புகிறார். நல்ல காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குத் தேவைக்கு மேல் புகழ் கிடைத்துவிட்டது என்பது என் அபிப்பிராயம். நாம் நின்று படிக்க வேண்டிய அத்தியாயங்கள் வேறே இருக்கின்றன.

அந்த ழான் வல்ழான் யார்? பிறவித் திருடனா? இல்லை. மரம் கழிக்கிற கூலியாள். அந்தப் பருவம் போனால் அறுவடைக்குப் போவான், மாடு மேய்ப்பான், கூப்பிட்ட வேலைக்கெல்லாம் போவான். விதவை அக்காளுக்கு ஏழு பிள்ளைகள். ஒரு குளிர்காலத்தில் வேலையில்லை, வீட்டில் ரொட்டியில்லை. ஒரு ரொட்டியைத் திருடினான். ஐந்து வருஷம் தண்டனை. தப்பிக்க முயன்றதற்கு மேலும் மேலும் சேர்த்து 19 வருஷம்! பருவம் முடிந்தால் கூலி இல்லை என்பது என்ன என்று இங்கே உட்கார்ந்திருக்கும் விவசாயத் தோழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது பான்தீன் என்ற பெண்ணின் கதை. மணிகள் செய்யும் ஆலையில் வேலை செய்கிறாள். புருஷன் இல்லாமல் பெற்ற குழந்தையைத் தூரத்து ஊரில் ஒரு சத்திரக்காரனிடம் விட்டு, மாதாமாதம் பணம் அனுப்புகிறாள். அவளுக்கு எழுதத் தெரியாது. கடிதம் எழுதிக் கொடுத்தவனிடமிருந்து விஷயம் வெளியே கசிந்தது. ஆலையின் பெண் மேற்பார்வையாளர் அவளை வேலையை விட்டு நீக்கிவிட்டாள். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? ஆலை முதலாளி வேறு யாருமல்ல. பாதிரியாரால் மனம் திருந்தி, பெயரை மாற்றிக்கொண்டு, ஊரே கும்பிடும் உத்தமராக விளங்கும் அதே ழான் வல்ழான்தான்! முதலாளி தங்கமானவர், அவர் ஆலையில் நடந்த அநியாயம் அவருக்கே தெரியாது. ஹியூகோ இதைச் சத்தம் போடாமல் எழுதிவிட்டுப் போகிறார்.

பிறகு பான்தீன் வீட்டில் உட்கார்ந்து பட்டாளத்துக்காரர்களுக்குச் சட்டை தைக்கிறாள். நாளைக்குக் கூலி 12 சூ. 'சூ' என்பது அவர்கள் காசு. 20 சூ ஒரு பிராங்க். குழந்தைக்கு ஆகும் செலவு நாளைக்கு 10 சூ. மிச்சம் இரண்டில்தான் அவள் ஜீவனம். குழந்தை குளிரில் நடுங்குகிறது என்று சத்திரக்காரன் எழுத, தலைமுடியை வெட்டிப் பத்து பிராங்குக்கு விற்றாள். அதில் ஒரு பின்னல் பாவாடை வாங்கி அனுப்பினாள். அந்தப் பாவாடை சத்திரக்காரன் மகளுக்குப் போயிற்று! குழந்தைக்குக் காய்ச்சல் என்று பொய்க் கடிதம் வந்தது. முன்பற்கள் இரண்டையும் விற்றாள்.

இதற்குப் பிறகு வருவதைக் கவனியுங்கள். ஒரு ஜெயில் காண்ட்ராக்டர் கைதிகளைக் கொண்டு மலிவாகத் தைத்து வாங்க, வெளியே தைத்த பெண்களின் கூலி தடாலென்று 9 சூ ஆகிறது. 17 மணி நேரம் தைத்தால் 9 சூ! பிள்ளைக்கு 10, கையில் வருவதோ 9. கணக்கு முடிந்துவிட்டது. அவள் தெருவுக்கு வந்தாள். பீஸ் ரேட்டில் தைப்பவர்களுக்கும், 1984-இல் பஞ்சப்படிக்காக இந்த ஊரில் 127 நாள் வேலைநிறுத்தம் நடத்தியவர்களுக்கும் இந்தக் கணக்கு பிரெஞ்சுக் கணக்காகவா தெரியும்?

ஹியூகோ இதையெல்லாம் மாடியில் உட்கார்ந்து கற்பனை பண்ணவில்லை. 1851-இல் லீல் என்ற துணி ஆலை நகரத்துக்குப் போய், தொழிலாளர் குடும்பங்கள் குடியிருந்த நிலவறைகளுக்குள் இறங்கிப் பார்த்தவர் அவர்.

சரி, அந்தக் குழந்தை கொசேத் என்ன ஆனாள்? எட்டு வயது. தன்னைவிடப் பெரிய வாளியைத் தூக்கிக்கொண்டு இருட்டில் காட்டு ஊற்றுக்குத் தண்ணீருக்குப் போகிறாள். சத்திரத்தில் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து கம்பளிக் காலுறை பின்னுகிறாள். யாருக்கு? சத்திரக்காரன் பெண்களுக்கு. பின்னுகிறவள் காலில் வெறும் மரக்கட்டைச் செருப்பு. ழான் வல்ழான் அங்கே வருகிறான். அந்தக் காலுறை முடிந்தால் என்ன விலை பெறும் என்று கேட்கிறான். முடிக்க இன்னும் மூன்று நாலு நாள் ஆகும், விலை 30 சூவுக்குக் குறையாது என்கிறாள் சத்திரக்காரி. அவன் ஐந்து பிராங்க், அதாவது 100 சூ, எடுத்து வைத்து, இவளுடைய வேலை இனி என்னுடையது என்று சொல்லி, குழந்தையைப் பார்த்து விளையாடச் சொல்கிறான்.

குழந்தைகளுக்கென்று இந்தக் கதையைச் சுருக்குகிறவர்கள் பெரும்பாலும் அதன்பின் அவன் வாங்கித் தரும் பெரிய பொம்மையை வைத்துக்கொண்டு, காலுறையை விட்டுவிடுகிறார்கள். பொம்மை அழகுதான். ஆனால் ஒரு குழந்தை விளையாட வேண்டுமானால் அவள் உழைப்பை முதலில் யாராவது விலை கொடுத்து மீட்க வேண்டியிருந்தது என்பதல்லவா விஷயம்! 14 வயதுக்குட்பட்டவர்களைத் தொழிற்சாலையில் வைக்கக் கூடாது என்று 1948-இன் சட்டமே சொல்லியிருந்தும், 1990-களில் இந்த ஊரில் ஓவர்லாக் மிஷின் பக்கத்தில் கைமடிக்கு நின்ற பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களில் சிலர் இப்போது நரைத்த தலையோடு இந்தக் கூட்டத்தில் இருக்கலாம். அவர்களுக்கு ஐந்து பிராங்கோடு எந்தப் புண்ணியவானும் வரவில்லை.

இன்னொன்று. ழான் வல்ழான் மீட்டது ஒரு கொசேத்தை. அவள் தாய் அதற்குள் செத்துப் போனாள். மகளைக் கடைசிவரை பார்க்கவேயில்லை. நல்லவன் வந்து சேர்வதற்குள் என்னென்ன நடந்துவிடும் என்பதை ஹியூகோ மறைக்கவில்லை.

புத்தகம் பெரிது, பயப்பட வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை காலுறை அத்தியாயத்தை இங்கே உரக்க வாசிக்கப் போகிறோம். படிக்கத் தெரிந்தவர்கள் முறை வைத்து வாசிக்கலாம். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். அவர்கள் முன்வரிசையில் உட்காரட்டும்.