வீடு சேர்க்கும் பை

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



விழா மேடையில் குறளின் பெருமையையோ சிலம்பின் நயத்தையோ எடுத்துரைப்பதே நம் சங்கத்தின் வழக்கம். அதற்குரிய புலமை நம்பால் இல்லை. மெட்ரிகுலேஷன் தேறி, ரயில்வேயில் குமாஸ்தாவாய் அமர்ந்து, இருபதாண்டுகளுக்கு மேலாய்ப் பார்சல் ரசீதுகளோடும் பதிவேடுகளோடும் உறவாடி வருகிறோம். நம்மிடம் இலக்கியத்தை எதிர்பார்ப்பது முறையன்று என்று செயலாளரிடம் முறையிட்டோம். "தெரிந்ததைப் பேசுங்கள், அது போதும்" என்றார். நமக்குத் தெரிந்தது மூட்டை கட்டுவது. ஆதலின் ஒரு பையைப் பற்றிப் பேச எழுந்தோம். வேலைக்குச் சென்றவர், வழியில் வெள்ளமோ கலவரமோ குறுக்கிட்டால், மீண்டும் வீடு வந்து சேர்வதற்கு வேண்டுவனவற்றை அடக்கிய சிறு பை அது. நல்ல நாளும் அதுவுமாக இடர்களைப் பேசுகின்றாரே என்று பெரியோர் சினவாதிருக்க வேண்டுகிறோம்.

நம் ரஞ்சன்காவ், அஷ்டவிநாயகத் தலங்கள் எட்டனுள் ஒன்றாகிய மகாகணபதியின் ஊர். புனேயிலிருந்து அகமதுநகர் செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. (அகமதுநகர் இப்போது அகில்யாநகர் எனப் பெயர் மாறிவிட்டது, நம் நாவுதான் இன்னும் மாறவில்லை.) ஊருக்கு ரயில் இல்லை. ரயில்வேக்காரராகிய நமக்கு இது ஒரு தீராத வெட்கம். நகருக்குச் சென்று மீள்வோர்க்கு இருப்பது பெரும்பாலும் ஒரே சாலை. வாகோலி, லோணிகந்த், கோரேகாவ் பீமா, சணஸ்வாடி, சிக்ராபூர் என ஊர்களைக் கோத்துக்கொண்டும், நடுவே பீமா நதியைக் கடந்தும் அது வருகிறது. அந்த நூல் எங்கேனும் ஓரிடத்தில் அறுந்தால் கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், குழந்தை வேறொரு பக்கம்.

அறுந்தது. 2018 ஜனவரி 1ஆம் நாள் கோரேகாவ் பீமாவில் கலவரம் மூண்டது இங்குள்ளோர் பலர்க்கும் நினைவிருக்கும். அதன் காரணங்களை ஆராய்தல் இம்மேடையின் வேலையன்று. நாம் அன்று மாலை அலுவல் முடிந்து புனேயிலிருந்து புறப்பட்டோம். வாகோலியோடு வண்டி நின்றுவிட்டது. இனிப் போகாது என்றார்கள். நடந்தே போய்விடலாம் என்ற துணிவில், அலுவலகத்துத் தோல் செருப்போடு நடக்கலானோம். லோணிகந்தை அடையுமுன்னரே காவலர்கள் தடுத்து, வந்த வழியே திரும்பும்படி பணித்தனர். அதற்குள் குதிகாலில் கொப்புளம். கைப்பேசியோ பிற்பகலிலேயே உயிர் விட்டிருந்தது. கையிலிருந்த பையைத் திறந்து பார்த்தோம். காலியான சாப்பாட்டு டப்பா, ஒரு செய்தித்தாள், மூக்குக்கண்ணாடிக் கூடு. அவ்வளவே.

வாகோலியில் ஒரு தேநீர்க் கடைக்காரர் இரக்கமுற்றுத் தம் கைப்பேசியை நீட்டினார். வாங்கிக்கொண்டு விழித்தோம். மணமாகிப் பன்னிரண்டாண்டுகள் ஆகியும் மனைவியாரின் எண் நமக்கு மனப்பாடம் இல்லை! கைப்பேசி நினைவில் வைத்துக்கொள்ளும் என்று நாம் மறந்திருந்தோம். நாம் அறிந்த ஒரே எண், பழைய நாளில் தலைகீழாய்ப் படித்த அரக்கோணத்து அண்ணார் வீட்டுத் தொலைபேசி எண். அண்ணாரை அழைத்தோம். அவர் நம் மனைவியாரை அழைத்தார். மனைவியார் இரண்டாம் ஷிப்டில் இருந்ததாலும், கைப்பேசி பெட்டகத்தில் இருந்ததாலும், இரவு 11 மணிக்கு வேலை விட்ட பிறகே செய்தி எட்டியது. வாகோலியிலிருந்து 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ரஞ்சன்காவுக்கு, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அரக்கோணம் வழியாகச் செய்தி போயிற்று.

இதற்கிடையில் காலனியில் நிகழ்ந்ததை மறுநாளே அறிந்தோம். அப்போது நம் மகள் நான்காம் வகுப்பு மாணவி. எட்டு மணிக்கு வர வேண்டிய அப்பா வரவில்லை. அண்டை வீட்டு மராட்டிய அம்மையார், நம் மகளுக்குக் காக்கூ, பாக்ரியும் பிட்லாவும் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார். ஒன்பது மணியளவில் குழந்தை ஓசையின்றி எழுந்து தன் வீடு சென்று, பள்ளிப் பையிலிருந்த புத்தகங்களைக் கவிழ்த்துவிட்டு, அதில் ஒரு தண்ணீர்ப் புட்டி, டார்ச் விளக்கு, நம் கம்பளி மப்ளர் ஆகியவற்றை வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலையை நோக்கிக் கிளம்பியிருக்கிறாள். காலனி வாயிலில் காக்கூ ஓடி வந்து கையைப் பற்றியிராவிட்டால், அந்த இரவில், அந்தச் சாலையில் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ண நாம் இன்றும் அஞ்சுகிறோம். "அப்பாவுக்குக் குளிரும், கூட்டிக்கொண்டு வரப் போகிறேன்" என்றாளாம். ஒன்பது வயதுக் குழந்தைக்குத் தோன்றிய முன்யோசனை நாற்பதை நெருங்கிய குமாஸ்தாவுக்குத் தோன்றவில்லை.

நிற்க. இத்தகைய பைகளை அமெரிக்க நாட்டார் பெரும் முனைப்போடு கட்டுகின்றனர். கோடரி, தூண்டில் முள், தீ மூட்டும் கருவி என்று காட்டிலே குடியேறப் போவார்போல் அடுக்குகின்றனர். நாம் செல்ல வேண்டியதோ காடன்று. காதத்துக்கு ஒரு சிற்றூரும் அடிக்கொரு தேநீர்க் கடையும் உள்ள சாலை. மேலும் கோடரியோடு தொழிற்சாலை வாயிலுக்குச் சென்றால் காவலர் நம்மை வீட்டுக்கு அனுப்பமாட்டார், வேறிடத்துக்கு அனுப்புவார். ரயிலில் வருவோர் மண்ணெண்ணெய், சிறு எரிவாயு அடுப்பு போன்ற தீப்பற்றும் பொருள்களைக் கொண்டு வருதல் ரயில்வே சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் கடமையின்பொருட்டுச் சொல்லி வைக்கிறோம்.

பையைக் கட்டுமுன் சிந்திக்க வேண்டுவது ஒன்றுண்டு. உடனே புறப்படுவதா, இருந்த இடத்திலேயே இருப்பதா? 2011 மார்ச் 11ஆம் நாள் ஜப்பானில் நிலநடுக்கம் நேர்ந்தபோது ரயில்கள் நின்றன. டோக்கியோவிலும் அதைச் சூழ்ந்த பகுதிகளிலும் 50 லட்சத்துக்கு மேற்பட்டோர் அன்று வீடு திரும்ப இயலாது தவித்தனர் என்று அந்நாட்டு அரசு கணக்கிட்டது. எல்லாரும் ஒருசேர நடந்தால் நோயாளி வண்டிக்கும் தீயணைப்பு வண்டிக்கும் வழி இராது. ஆகவே 2013 முதல் டோக்கியோ நகர நிர்வாகம், பேரிடர் நேர்ந்தால் பணியாளர் உடனே கிளம்ப வேண்டா என்றும், மூன்று நாளுக்குரிய உணவும் நீரும் பணியிடத்திலேயே சேமித்து வைக்க நிறுவனங்கள் முயல வேண்டும் என்றும் விதி செய்தது. அன்று வாகோலியை விட்டு நடந்த நாம் செய்தது முதற் பிழை என்று பின்னரே விளங்கிற்று.

ரயிலிலும் அப்படியே. 2019 ஜூலை 26 இரவு மும்பையிலிருந்து கோலாப்பூருக்குப் புறப்பட்ட மகாலட்சுமி எக்ஸ்பிரஸ், வாங்கணி அருகே வெள்ளத்தில் நின்றுவிட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் உள்ளே. இறங்காதீர், வண்டியே பாதுகாப்பு என்று ரயில்வே கேட்டுக்கொண்டது. மறுநாள் படகுகள் வந்து அனைவரையும் கரை சேர்த்தன. 2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. முன்னே பாதையின் ஜல்லி வெள்ளத்தில் அரித்துப் போயிருந்தது. வண்டியை அங்கே நிறுத்தி வைத்த நிலையத்தார் செய்தது எத்தகைய செயல் என்பது ரயில்வேக்காரர்க்கே முழுதும் தெரியும். அந்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. பயணிகள் சுமார் 800 பேர். ஒரு பகுதியினர் அருகிலிருந்த பள்ளிக்குச் சென்றனர்; ஏனையோர் வண்டியிலும் நிலையத்திலும் இரு நாள் அடைபட்டிருந்தனர். ஹெலிகாப்டர் வருமுன்னரே புதுக்குடி கிராமத்தார், தம் ஊரே நீரில் மிதக்கையில், கோயிலில் சோறாக்கி அவர்களுக்கு இட்டனர்.

ஆனால் இருக்க இடமில்லாதவர் என் செய்வார்? 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பயணி ரயில்கள் எல்லாம் நின்றன. நம் வாயிற்புறத்துச் சாலையிலேயே குழந்தையும் மூட்டையுமாய் மக்கள் நடந்ததை நாம் கண்டோம். ஜால்னாவிலிருந்து இருப்புப் பாதை வழியே நடந்த மத்தியப் பிரதேசத் தொழிலாளர் சிலர், களைப்பு மிகுந்து, ரயில்தான் ஓடவில்லையே என்று பாதைமீதே படுத்துறங்கினர். மே 8ஆம் நாள் விடியலில் அவுரங்காபாத் அருகே சரக்கு வண்டி வந்தது. 16 பேர் மாண்டனர். வழிக்கென்று அவர்கள் கட்டிக்கொண்டு வந்த ரொட்டிகள் தண்டவாளத்தில் சிதறிக் கிடந்தன. பயணி வண்டி நின்றாலும் சரக்கு வண்டி நிற்பதில்லை என்பது நமக்குத் தெரியும். அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. இருப்புப் பாதை நடைபாதையன்று. ஓட்டுநர் கண்டு பிரேக் போட்டாலும் சரக்கு வண்டி பல நூறு மீட்டர் ஓடிய பின்னரே நிற்கும். காலனிச் சிறுவர்க்கு வேறெதைச் சொல்லாவிடினும் இதைச் சொல்லி வையுங்கள்.

இனிப் பைக்குள் வருவோம். எடை மூன்று கிலோவைத் தாண்டலாகாது. தாண்டினால் இரண்டாம் வாரமே வீட்டில் ஆணியில் தொங்கும். முதலிடம் காலுக்கு. பழைய கான்வாஸ் ஷூ ஒரு ஜோடி, பருத்திக் காலுறை இரண்டு. புது ஷூ கூடாது, அது கடிக்கும். அடுத்தது நீர். ஒரு லிட்டர் புட்டி ஒன்று எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும். வெள்ளம் சூழ்ந்தாலும் குடிக்க நீர் இராது. 1961 ஜூலை 12ஆம் நாள் பான்சேத் அணை உடைந்து, அதன் வெள்ளம் கடக்வாஸ்லா அணையையும் உடைத்துப் புனேயை மூழ்கடித்தது. நகருக்குக் குடிநீர் தந்த ஏரியே போய்விட்டதால் வெள்ளம் வடிந்தபின் மக்கள் பழங்கிணறுகளைத் தேடினர் என்று முதியோர் கூறுவர். ஆகவே நீரைத் தூய்மை செய்யும் குளோரின் வில்லைகளும், உப்புச் சர்க்கரைப் பொட்டலம் இரண்டும் வைத்துக்கொள்க. பொட்டலம் இல்லையேல் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்தால் போதும். உப்பு கூடலாகாது.

உணவுக்குக் கடலை மிட்டாய், பொட்டுக்கடலை, அவல்; சமைக்க வேண்டுவன கூடா. டார்ச்சின் பேட்டரிகளைக் கழற்றித் தனியே வைத்தால் கசிந்து கெடா. ஓர் ஊதல், மழை அங்கி, பவர் பேங்க், அன்றாட மருந்து மூன்று நாளுக்கு. பணம் 10, 20, 50 ரூபாய்த் தாள்களாக 500 ரூபாய். மின்சாரமும் கோபுரமும் நின்ற ஊரில் கைப்பேசிப் பணம் செல்லாது. பெண்டிர் நாப்கின்களை மறவாது வைக்க வேண்டும் என்று நம் மனைவியார் சொல்லச் சொன்னார். கடைசியாக ஒரு நாலு முழ வேட்டி. போர்வையாகும், தலைப்பாகையாகும், முறிந்த கையைத் தாங்கும் தூளியாகும், குழந்தையை முதுகில் கட்டும். இத்தனை வேலை செய்யும் பொருளை அமெரிக்கர் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

எடையில் எல்லாவற்றினும் குறைந்தது ஒரு தாள். அதைத்தான் நாம் பையின் உயிர் என்போம். பிளாஸ்டிக் உறையில் இட்டு, நான்கு எண்களைக் கையால் எழுதி வைக்கிறோம். வீட்டார் எண், அண்டை வீட்டுக் காக்கூவின் எண், அரக்கோணத்து அண்ணார் எண், அலுவலக எண். உள்ளூரில் தொடர்பு அறுந்தாலும் வெளியூர் சில சமயம் கிடைக்கும். ஆகையால் வெளியூர் உறவினர் ஒருவர் எண் கட்டாயம் வேண்டும். அவசரத்துக்கு 112, ரயிலில் 139. கீழே இரத்தப் பிரிவும் மருந்தின் பெயரும். அப்பா வராவிடில் எந்த வீட்டில் இருக்க வேண்டும், எவ்வளவு நேரம் ஆனாலும் வெளியே கிளம்பக் கூடாது என்பதைக் குழந்தைக்குச் சொல்லி, அவள் வாயாலேயே திருப்பிச் சொல்லக் கேட்டோம். ஒவ்வோராண்டும் மழை தொடங்குமுன் வைகாசியில் பையைப் பிரித்துப் புதுப்பிக்கிறோம். தாளை மகளே எழுதுகிறாள். எழுத்து இப்போது நம் எழுத்தினும் நன்றாக உள்ளது.

அத்தாளில் இன்னும் ஒரு பகுதி காலியாக உள்ளது. நல்ல உடலினர் மணிக்கு நான்கு கிலோமீட்டர் நடப்பர். நகரிலிருந்து ஒரே மூச்சில் நடந்து வருதல் நம் வயதில் ஆகாது. நடுவழியில் இராத் தங்க வீடு வேண்டும். 2018இல் வாகோலியில் நாம் ஒரு கடைத் திண்ணையில் குளிரில் விழித்திருந்தோமே, அங்கிருந்து இரண்டே தெரு தள்ளி நம் சங்க உறுப்பினர் ஒருவர் இல்லம் இருந்ததென்பதை மறு பொங்கலுக்குத்தான் அறிந்தோம்! அவர் இன்றும் இச்சபையில் அமர்ந்திருக்கிறார். நம்மைக் கண்டு நகைக்கிறார்.

ஆதலின் வாயிலருகே மேசைமீது ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். வாகோலி, லோணிகந்த், கோரேகாவ் பீமா, சணஸ்வாடி, சிக்ராபூர், காரேகாவ், சிரூர் என்று பக்கம் பிரித்துள்ளோம். அவ்வூர்களில் இருப்போர், ஓரிரவு ஒருவர்க்கு இடம் தர இசைவுடையோர், தம் பெயரும் எண்ணும் எழுதுக. மராட்டிய நண்பர்களும் எழுதலாம். காக்கூ முதற் பக்கத்தில் எழுதிவிட்டார். பந்திக்கு உட்காருமுன் எழுதிவிட்டால் நலம். பாயசம் உண்ட கையோடு எழுதினால் ரசீதுப் புத்தகம்போல் ஒட்டிக்கொள்கிறது.