முட்டி போன பிறகு யார் வருவார்?



நம் வியாசர்பாடி கால்பந்து வீரர் தனபால் கணேஷை உங்களுக்குத் தெரியும். 2017 டிசம்பரில் பெங்களூரில் ஆட்டம். முடியும் நேரத்தில் பெங்களூர் அணியின் சுனில் சேத்ரி கோலடித்துச் சமன் செய்கிறார். அந்த ஆரவாரம் அடங்குவதற்குள் நம் கணேஷ் கோலடித்துச் சென்னையின் எஃப்.சி.யை வெல்ல வைக்கிறார். 2018 மார்ச்சில் கோவாவுக்கு எதிரான அரையிறுதியிலும் ஒரு கோல். நான்கே நாளில் கோப்பை நமக்கு. வடசென்னை மண்ணில் உருண்டு வளர்ந்த கால் அது!

அதே 2018-இல் முழங்காலில் அடி. அறுவை சிகிச்சை. உச்சத்தில் இருந்த ஆட்டக்காரர் மாதக்கணக்கில் வெளியே உட்கார நேர்ந்தது.

முட்டி போவது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்கக் கால்பந்தில் 'ரன்னிங் பேக்' என்று ஓர் இடம் உண்டு. கபடியில் பாடிப் போகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். பந்தை மார்போடு அணைத்தபடி, தன்னை வீழ்த்த வரும் பதினொரு பேருக்கு நடுவே ஓட வேண்டும். சிகாகோ பேர்ஸ் அணியில் கேல் சேயர்ஸ் அப்படி ஓடியவர். 1965-இல் சேற்றுத் தரையில் ஒரே ஆட்டத்தில் ஆறு டச்டவுன், அதாவது ஆறு முறை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுபோனார்! 1968-இல் வலது முட்டி போனது. அடுத்த ஆண்டே திரும்பி வந்து, 1,032 கெஜம் ஓடி அமெரிக்கத் தொழில்முறை லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். பிறகு இடது முட்டியும் போனது. மொத்தம் 68 ஆட்டங்கள், அவ்வளவுதான். ஆனாலும் அந்த நாடு அவரைக் கைவிடவில்லை. 34 வயதில் அந்த ஆட்டத்தின் புகழ் மன்றத்தில் இடம் தந்தது. ஒரு பல்கலைக்கழகம் தன் விளையாட்டுத் துறையையே அவரிடம் ஒப்படைத்தது.

நம்மிடமும் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. ஐ.சி.எஃப்., துறைமுகம், தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி என்று ஒவ்வோர் இடத்திலும் அணி இருந்தது. பந்து உதைத்தவனுக்கு வேலை கிடைத்தது. ஆட்டம் நின்றாலும் சம்பளம் நிற்கவில்லை. இன்று அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது, வரவேற்கிறேன். ஆனால் அது பதக்கம் வாங்கியவனுக்கு. பதக்கத்துக்கு முன்பே முட்டி போன பையனுக்கு என்ன?

தம்பிகளே, முட்டிக்குள் இருக்கும் ஜவ்வு கிழிய யாரும் வந்து மோத வேண்டியதில்லை. மேடு பள்ளத் தரையில் காலை ஊன்றி உடம்பைத் திருப்பினாலே போதும். உள்ளே 'டக்'கென்று சத்தம், சில மணி நேரத்தில் வீக்கம். அப்படி நேர்ந்தால் எண்ணெய் தேய்த்து, கட்டுப் போட்டு, பதினைந்து நாளில் மறுபடி இறங்காதே! எலும்பு மருத்துவரைப் பார். அறுவை சிகிச்சை என்றால் மறுபடி ஆட்டத்துக்குத் திரும்ப ஒன்பது மாதம்கூட ஆகும். அதுவரை பயிற்சி தர ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குக் கொடுக்கக் காசில்லாமல்தான் நம் பிள்ளைகள் பாதியில் நின்றுபோகிறார்கள். பதினெட்டு வயதில் ஒருவனை 'முடிந்துபோனவன்' என்று சொல்ல நமக்கு எப்படி மனம் வருகிறது?

மாநகராட்சியை இந்த மேடையிலிருந்து கேட்கிறேன்: மாதவரம், மணலி, திருவொற்றியூர் மண்டல மைதானங்களுக்கு வாரம் ஒரு நாளாவது இயன்முறை மருத்துவரை அனுப்புங்கள். போட்டி நடத்தும் அன்பர்களே, கோப்பையின் உயரத்தைக் குறையுங்கள். மிச்சமாகும் பணத்தைக் காயம்பட்ட பையனின் சிகிச்சைக்கு ஒதுக்குங்கள். வருகிற போட்டியிலேயே தொடங்குங்கள். முதல் தொகையை நான் தருகிறேன்.