கடைசி வாரத்துக் கையெழுத்துகள்



2025 ஜனவரி 14, செவ்வாய்க்கிழமை. அமெரிக்க அதிபர் ஜோ பைடன் வெள்ளை மாளிகையை விட்டுப் போக ஆறு நாள்தான் பாக்கி. அன்று அவருடைய அரசு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு ஓர் அறிவிப்பை அனுப்பியது. பயங்கரவாதத்துக்கு ஆதரவளிக்கும் நாடுகள் என்று அமெரிக்கா வைத்திருக்கும் பட்டியலிலிருந்து கியூபாவின் பெயரை நீக்கப்போகிறோம் என்பது அதன் செய்தி. அதே நாளில் ஹவானாவிலிருந்தும் ஓர் அறிவிப்பு வந்தது. சிறையில் இருக்கும் 553 பேரைப் படிப்படியாக விடுதலை செய்வோம் என்றது கியூப அரசு. இரண்டு தரப்புக்கும் நடுவே நின்று பேசியது வத்திக்கான்.

ஜனவரி 20, திங்கட்கிழமை, டொனால்ட் டிரம்ப் பதவியேற்றார். அன்றே பைடனின் முடிவை ரத்து செய்தார். கியூபா பட்டியலிலேயே நீடித்தது. ஒரு வல்லரசின் வெளியுறவுக் கொள்கை ஆறு நாள் உயிரோடு இருந்து முடிந்துபோனது.

பதவியை விட்டுப் போகிற தலைவர்கள் கடைசி நேரத்தில் வெளிநாட்டுக் கொள்கையை ஏன் மாற்றுகிறார்கள்? இந்தக் கேள்வியோடு எந்த நாட்டைப் பார்க்கலாம் என்று கேட்டால், நான் கியூபாவைத்தான் சொல்வேன். ஐசனோவர், ஒபாமா, டிரம்ப், பைடன் என்று நான்கு அதிபர்கள் தங்கள் பதவியின் கடைசி மூன்று வாரத்துக்குள் கியூபா விஷயத்தில் பெரிய முடிவு எடுத்திருக்கிறார்கள். நான்கும் ஜனவரி மாதத்தில் நடந்தவை.

அமெரிக்காவில் தேர்தல் நடப்பது நவம்பர் தொடக்கத்தில். புதியவர் பதவியேற்பது ஜனவரி 20. முன்பெல்லாம் மார்ச் 4 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1933-இல் வந்த அரசமைப்புத் திருத்தம்தான் இந்த இடைவெளியைச் சுருக்கியது. சுருக்கிய பிறகும் பத்து, பதினோரு வாரம் மிஞ்சுகிறது. அந்த வாரங்களில் பழைய அதிபருக்கு அதிகாரம் முழுமையாக இருக்கிறது. வாக்காளருக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் மட்டும் போய்விடுகிறது. உள்நாட்டில் புதுச் சட்டம் போட காங்கிரஸ் வேண்டும். வெளிநாட்டு விஷயம் அப்படியில்லை. ஒரு நாட்டைப் பட்டியலில் சேர்ப்பது, தூதரகத்தை மூடுவது, ஓர் எல்லையை அங்கீகரிப்பது, குடியேற்ற விதியை மாற்றுவது, இதற்கெல்லாம் அதிபரின் அல்லது வெளியுறவு அமைச்சரின் கையெழுத்தே போதும்.

ஒரு தலைவரின் மனத்துக்குள் புகுந்து அவருடைய நோக்கத்தைப் பார்க்க நம்மால் முடியாது. தேதியைப் பார்க்க முடியும். நேற்று ஏன் செய்யவில்லை, இன்று ஏன் செய்கிறார் என்று கேட்டால் பாதி நோக்கம் வெளியே வந்துவிடும்.

பைடனையே எடுத்துக்கொள்வோம். டிரம்பின் கியூபக் கொள்கையை மாற்றுவேன் என்று 2020 தேர்தல் பிரசாரத்திலேயே சொன்னவர் அவர். நான்கு ஆண்டு கையில் இருந்தது. கியூபாவைப் பட்டியலில் வைக்கச் சொல்லப்பட்ட முக்கியக் காரணம் 2022-லேயே வலுவிழந்துவிட்டது. கொலம்பியாவின் ஈஎல்என் என்ற கொரில்லா அமைப்பின் தலைவர்கள் சமாதானப் பேச்சுக்காக ஹவானா போயிருந்தார்கள். 2019 ஜனவரியில் அந்த அமைப்பு பொகோட்டா காவலர் பயிற்சிக் கழகத்தில் கார் குண்டு வெடித்ததும், அவர்களை ஒப்படைக்கும்படி கொலம்பியா கேட்டது. பேச்சு முறிந்தால் குழுவினரைப் பத்திரமாகத் திருப்பி அனுப்புவோம் என்று ஏற்கெனவே கையெழுத்திட்டிருக்கிறோம் என்று கியூபா மறுத்தது. அந்த உடன்பாட்டுக்குச் சாட்சியாக நின்ற நாடுகளில் நார்வேயும் ஒன்று. 2022-இல் கொலம்பியாவில் குஸ்தாவோ பெட்ரோ ஆட்சிக்கு வந்தார். கைது ஆணைகளை நிறுத்திவைத்தார். கியூபாவைப் பட்டியலிலிருந்து எடுங்கள் என்று அவரே வாஷிங்டனிடம் கேட்டார். புகார் கொடுத்த நாடே புகாரைத் திரும்பப் பெற்ற பிறகும் பைடன் அசையவில்லை.

ஏன்? 2021-இல் செனட்டில் இரு கட்சிக்கும் ஐம்பது, ஐம்பது இடம். ஒவ்வொரு வாக்கும் உயிர். பைடன் கட்சியின் ஐம்பதில் ஒருவர் பாப் மெனண்டெஸ். கியூபாவிலிருந்து வந்த பெற்றோரின் மகன், வெளியுறவுக் குழுவின் தலைவர், ஹவானாவோடு எந்தச் சமரசமும் கூடாது என்பவர். அவரைப் பகைத்துக்கொண்டு பைடனால் வேறு எதையும் நிறைவேற்றியிருக்க முடியாது. அதே ஆண்டு ஜூலை 11-இல் கியூபத் தெருக்களில் மக்கள் திரண்டு போராட, அரசு நூற்றுக்கணக்கானோரைச் சிறையில் தள்ளியது. அந்த நேரத்தில் சலுகை கொடுப்பது எந்த அதிபருக்கும் கடினம்தான். இதை மறைத்துப் பேசுவது நியாயமாகாது.

இதற்கெல்லாம் அடியில் இருந்தது ஃபுளோரிடா. 2000-இல் அந்த மாநிலத்தை 537 வாக்குகளில் இழந்து, அதோடு நாட்டையே இழந்த கட்சி பைடனின் கட்சி. கியூபாவிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் நிறைந்த மியாமி-டேட் மாவட்டத்தில், 2016-இல் ஏறத்தாழ 30 சதவீதப் புள்ளியாக இருந்த அந்தக் கட்சியின் முன்னிலை, 2020-இல் 7 புள்ளியாகச் சரிந்தது. அந்தப் பயம் விடவே இல்லை. 2024 மே மாதம் கியூபாவை வேறொரு பட்டியலிலிருந்து, பயங்கரவாத எதிர்ப்பில் முழுமையாக ஒத்துழைக்காத நாடுகள் என்ற பட்டியலிலிருந்து, பைடன் அரசு எடுத்துவிட்டது. கியூபா ஒத்துழைக்கிறது என்று ஒரு பக்கம் ஒப்புக்கொண்டு, பயங்கரவாதத்துக்கு ஆதரவு தருகிறது என்று மறுபக்கம் எட்டு மாதம் வைத்திருந்தார்கள். அந்த எட்டு மாதத்துக்குள் வந்தது நவம்பர் தேர்தல். மியாமி-டேட் உட்பட ஃபுளோரிடாவை டிரம்ப் எளிதாக வென்றார். இழப்பதற்கு இனி எதுவுமில்லை என்றான பிறகே பைடன் கையெழுத்துப் போட்டார். அதைக் காப்பாற்றும் பலமும் அப்போது அவரிடம் இல்லை. பட்டியலிலிருந்து ஒரு நாட்டை எடுப்பதாக இருந்தால் காங்கிரஸுக்கு 45 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்பது சட்டம். பைடனிடம் மிச்சம் இருந்தது ஆறு.

அந்தச் சட்டத்தின் அமைப்பை வைத்துத்தான் நான்கு ஆண்டுகளுக்கு முன் இன்னொரு முடிவு எடுக்கப்பட்டது. 2021 ஜனவரி 11. நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்டு ஐந்தே நாள் ஆகியிருந்தது. வெளியுறவு அமைச்சர் மைக் பாம்பியோ கியூபாவைப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தார். 1982-இல் ரீகன் அரசு சேர்த்து, 2015-இல் ஒபாமா நீக்கிய பெயர் அது. கொலம்பிய குண்டுவெடிப்பு நடந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டு கடந்திருந்தது. அந்த இரண்டு ஆண்டும் டிரம்ப் அரசுதான் ஆட்சியில் இருந்தது. அப்போதெல்லாம் செய்யாததைப் பதவி முடிய ஒன்பது நாள் இருக்கும்போது செய்ததற்கு எனக்கு ஒரே விளக்கம்தான் படுகிறது. பட்டியலில் சேர்ப்பது எளிது. எடுப்பதற்கோ சான்றிதழ், காத்திருப்பு, காங்கிரஸின் கண்டனம் எல்லாம் உண்டு. அந்தக் கண்டனத்தை அடுத்தவர் தாங்க வேண்டும். கியூபாவைத் தண்டிப்பதைவிட, பைடனைக் கட்டிப்போடுவதே அந்த ஜனவரியின் குறி என்று நான் நினைக்கிறேன். பைடன் நான்கு ஆண்டு கட்டுண்டே கிடந்தார் என்பதைப் பார்க்கும்போது, அந்தக் கணக்கு பலித்துவிட்டது.

அந்தப் பத்து நாளில் பாம்பியோ எடுத்த முடிவுகள் எல்லாமே இப்படி என்று சொல்ல மாட்டேன். சீனாவில் உய்குர் மக்களுக்கு நடப்பது இனப்படுகொலை என்று ஜனவரி 19-இல் அறிவித்தார். புதிய அமைச்சர் பிளிங்கன் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார். காலம் கடந்து வந்தாலும் கருத்தில் உண்மை இருந்தால் அது நிற்கும்.

யேமன் விஷயம் வேறு. ஹூதி அமைப்பைப் பயங்கரவாத இயக்கமாக அறிவிப்பதாக ஜனவரி 10-இல் பாம்பியோ சொன்னார். அது நடைமுறைக்கு வந்தது 19-இல். பதவி முடிய ஒரு நாள் முன்பு. யேமன் தன் உணவில் ஏறத்தாழ 90 சதவீதத்தை இறக்குமதி செய்கிற நாடு. தலைநகர் சனா உட்பட மக்கள் நெருக்கமாக வாழும் பகுதிகள் ஹூதிகள் கையில். அவர்களோடு வியாபாரம் செய்தால் வழக்கு வரும் என்று பயந்து கோதுமைக் கப்பல்கள் நின்றுவிடும், பஞ்சம் வரும் என்று ஐ.நா. அதிகாரிகள் கதறினார்கள். பிப்ரவரி 16-இல் பைடன் அரசு அதைத் திரும்பப் பெற்றது. ஹூதிகள் செய்த கொடுமைகளைப் பற்றி எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அதன் விளைவைப் பார்த்துப் பொறுப்பேற்க ஒரு நாளுக்கு மேல் தன்னிடம் இல்லாத அரசு அந்த முடிவை எடுத்ததைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன்.

இனி, அந்த நான்கில் முதலாவது ஜனவரி. 1961 ஜனவரி 2-இல் ஃபிடல் காஸ்ட்ரோ, அமெரிக்கத் தூதரகத்தில் பதினொரு பேர்தான் இருக்கலாம், மற்றவர்கள் 48 மணி நேரத்தில் வெளியேற வேண்டும் என்றார். மறுநாளே ஐசனோவர் உறவை முறித்தார். புதிய அதிபர் கென்னடி பதவியேற்க 17 நாள் இருந்தது. பொறுமைக்கு ஓர் எல்லை உண்டு என்றார்கள். அந்தக் கோபத்தில் நியாயமும் உண்டு. கென்னடிக்குக் கிடைத்ததோ மூடிய தூதரகம், கூடவே ஐசனோவர் 1960 மார்ச்சில் ஒப்புதல் தந்த ஒரு ரகசியப் படையெடுப்புத் திட்டம். கியூபாவோடு பேச ஒரு வழியும் இல்லாமல், சண்டைக்கு மட்டும் ஒரு வழியைத் திறந்துவைத்துவிட்டுப் போனார் மூத்தவர். வேண்டாம் என்று சொல்ல கென்னடிக்கு உரிமை இருந்தது, அவர் சொல்லவில்லை. ஏப்ரல் 17-இல் அந்தத் திட்டப்படி கியூபாவின் பன்றிகள் வளைகுடாவில் ஏறத்தாழ 1,400 பேர் இறங்கினார்கள். மூன்று நாளில் எல்லாம் முடிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டார்கள். மூடிய தூதரகம் மறுபடி தூதரகமாகத் திறந்தது 2015 ஜூலையில்.

ஒபாமாவின் ஜனவரி சற்று வித்தியாசமானது. 1995 முதல் ஒரு விதி இருந்தது. கடலில் பிடிபடும் கியூபரைத் திருப்பி அனுப்புவார்கள். அமெரிக்க மண்ணில் கால் வைத்துவிட்டால் தங்க விடுவார்கள். 2017 ஜனவரி 12-இல், ஒரு நாளும் முன்னறிவிப்பின்றி ஒபாமா அதை நீக்கினார். முன்பே சொல்லியிருந்தால் ஆயிரக்கணக்கானோர் படகேறியிருப்பார்கள் என்ற காரணம் சரிதான். ஆனாலும் அந்தச் சலுகை மியாமியில் எவ்வளவு அருமையானது என்று அவருக்குத் தெரியும். நவம்பர் தேர்தலுக்கு முன் அதைத் தொட அவர் துணியவில்லை. வீட்டை விற்றுப் பணம் திரட்டி, பல நாடுகளைத் தாண்டி, மெக்சிகோவின் நுவேவோ லரேடோ பாலம் வரை வந்தவர்கள் அன்று பாலத்தின் மெக்சிகோ பக்கமே நின்றுபோனார்கள். டிரம்ப் ஒபாமாவின் கியூபக் கொள்கையைப் பெரும்பாலும் கலைத்தார். இதைத் தொடவில்லை, ஏனென்றால் குடியேறுவோரைத் தடுப்பது அவருக்கும் வேண்டியிருந்தது.

கடைசி நேர முடிவு எல்லாமே தீது என்றால் 1988 டிசம்பர் 14-ஐ மறந்தவர்களாவோம். பாலஸ்தீன விடுதலை இயக்கத்தோடு பேசலாம் என்று ரீகன் அரசு அன்று அறிவித்தது. உள்நாட்டு எதிர்ப்பைப் போகிறவர் தாங்கிக்கொண்டார். வருகிறவரான தந்தை புஷ்ஷுக்குப் பேசும் வழி கிடைத்தது. இருவரும் ஒரே கட்சி என்பது அதற்குப் பெரிய துணை. வருகிறவர் எதிர்க்கட்சியாக இருக்கும்போதுதான் கதை மாறுகிறது.

பட்டியலில் இருப்பதால் கியூபாவுக்கு என்ன நஷ்டம் என்று சிலர் கேட்கலாம். வெளிநாட்டு வங்கிகள் அந்த நாட்டோடு பணப் பரிமாற்றத்துக்கு அஞ்சுகின்றன. மருந்து வாங்கக்கூடப் பணம் அனுப்புவது சிக்கலாகிறது. கியூபாவுக்குச் சுற்றுலா போய்வந்த ஐரோப்பியர், விசா இல்லாமல் அமெரிக்காவுக்குள் போகும் வசதியை இழக்கிறார். அதனால் வருவதற்கே யோசிக்கிறார். கியூப அரசின் தவறுகளும் ஏராளம். 2021 ஜனவரியில் நாணயங்களை ஒன்றாக்கப் போய் விலைவாசியைத் தாங்களே ஏற்றிக்கொண்டார்கள். பழைய மின்நிலையங்களைப் பராமரிக்காமல் விட்டதால் 2024 அக்டோபரில் நாடு முழுதும் இருளில் மூழ்கியது. சில ஆண்டுகளுக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டே போய்விட்டார்கள். போனவர்களில் பலர் ஃபுளோரிடாவுக்குத்தான் போனார்கள்.

விடுதலை வாக்களிக்கப்பட்ட அந்த 553 பேருக்கு வருவோம். ஜனவரி 20-க்குள் நூற்றுக்குச் சற்று மேற்பட்டோர் வெளியே வந்திருந்தார்கள். டிரம்ப் ரத்து செய்ததும் கியூப அரசு விடுதலையை நிறுத்தியது. காத்திருந்த குடும்பங்களுக்கு வாரக்கணக்கில் எந்தத் தகவலும் இல்லை. மிச்சமிருந்தவர்கள் வெளியே வர மார்ச் ஆயிற்று. முதலில் வந்தவர்களில் ஒருவர், அரசை எதிர்த்துப் பல ஆண்டு போராடிய ஹோசே டேனியல் ஃபெரர். ஏப்ரல் இறுதியில் அவரை மறுபடியும் கைது செய்தார்கள். அக்டோபரில் நாட்டை விட்டு வெளியேறச் சம்மதித்த பிறகே விட்டார்கள். குடும்பத்தோடு அவர் போய் இறங்கிய ஊர் மியாமி.