ஸ்பானிய வினையும் ஒரு சிறு சொல்லும்

ஸ்பானிய மொழியில் 'லெவந்தார்' என்றால் தூக்குதல். 'லெவந்தார்சே' என்றால் எழுந்திருத்தல். ஈற்றிலுள்ள 'சே' செயலைச் செய்பவனிடமே திருப்பிவிடுகின்றது. 'மணி ஒலிக்குமாயின் எழுவேன்' என்று நிபந்தனையோடு கூறுமிடத்து, 'லெவந்தார்' என்பதனுடன் 'ஈயா' விகுதி சேர்ந்து 'லெவந்தரீயா' ஆகும். இடர்ப்பாடு இங்கேதான். நான், அவன், அவள் மூவருக்கும் வடிவம் ஒன்றே. தமிழில் எழுவேன், எழுவான் என விகுதியே ஆளைக் காட்டிவிடும். அங்கோ முன்னே வந்து நிற்கும் சிறு சொல்லே காட்டவேண்டும். 'மே லெவந்தரீயா' – நான் எழுவேன். 'சே லெவந்தரீயா' – அவன் எழுவான். புதிதாகக் கற்போர் இச்சொல்லை எளிதில் விட்டுவிடுவர். விட்டாலோ, படுக்கையிலிருந்து எழவேண்டியவர் எதையோ தூக்கப் புறப்பட்டவராகிவிடுவார்! அணிதலைக் குறிக்கும் 'போனேர்சே' போன்ற சில வினைகளில் அடியும் திரிந்து 'மே போந்த்ரீயா' என வரும். சட்டை அணிவேன் என்னுமிடத்து 'என் சட்டை' எனக் கூறுவதும் வேண்டா. 'மே' அதனையும் உணர்த்திவிடும்.