தூர்ந்த காதை மீண்டும் குத்துமுன்

மாசிமகம் நெருங்கினால் செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குப் புறப்படும் வீடுகளில் நகைப்பெட்டி திறக்கப்படும். தோட்டை எடுத்துப் போடப் போனால் காது தூர்ந்திருக்கும். தோடு அடகுக்கடையில் பல மாதம் கிடந்திருக்கலாம். தொழிற்சாலையில் நகை அணியக்கூடாதென்று மகள் கழற்றி வைத்திருக்கலாம். உடனே ஊசியைத் தேடுகிறோம். அதற்குமுன் சிறிது யோசிப்போம்.

துளை ஏன் தூர்கிறது? காது குத்துவது உடம்புக்கு ஒரு புண்தான். இருபுறத்திலிருந்தும் தோல் உள்நோக்கி வளர்ந்து சேர்ந்தால்தான் துளை நிலைக்கும். காது மடலின் கீழ்ச்சதையில் இதற்கு 6 முதல் 8 வாரம் ஆகும். மேற்காதின் குருத்தெலும்பில் பல மாதங்கள் செல்லும். அதற்குள் கழற்றினால் துளை விரைவில் மூடிக்கொள்ளும். மூக்குத் துளை இன்னும் சீக்கிரம் மூடும். நம் பாட்டிமார் தோடில்லாத காதில் வேப்பங்குச்சி செருகியது இந்த அனுபவத்தால்தான். ஆனால் ஆறாத புண்ணில் அழுக்குக் குச்சி செருகினால் சீழ் பிடிக்கும்.

முதலில், துளை உண்மையிலேயே தூர்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். குளித்தபின் தோல் மென்மையாக இருக்கும்போது, சுத்தமான மெல்லிய தோட்டுக் கம்பியை மெதுவாக வைத்துப் பார்க்கலாம். தடுத்தாலோ வலித்தாலோ நிறுத்திவிட வேண்டும். பலவந்தமாகக் குத்தினால் பக்கச் சதை கிழியும்.

முற்றாக மூடியிருந்தால் அவ்விடத்தில் தழும்பு இருக்கும். சீழ் பிடித்து மூடிய காதாயின், புண் நன்றாக ஆறி, தழும்பு இளகும்வரை சில மாதம் பொறுப்பது நல்லது. கெட்டித் தழும்பின் நடுவே குத்தாமல் சற்றுத் தள்ளிக் குத்துவார்கள். பாரமான தோட்டால் அறுந்த காதை முதலில் மருத்துவர் தைக்க வேண்டும். தழும்பு புடைத்து, புண்ணின் எல்லையையும் தாண்டி வளர்ந்திருந்தால், மருத்துவரைக் கேட்காமல் மறுபடி குத்தவே கூடாது. அது இன்னும் பெரிதாகலாம்.

மலாக்காவில் பொய்யாத விநாயகர் கோயில் இருக்கும் தெருவுக்கு ஜாலான் துக்காங் எமாஸ், அதாவது பொற்கொல்லர் தெரு என்று பெயர். காது குத்துவது பத்தர் தொழில் என்பது நமது வழக்கம். யார் குத்தினாலும் சரி, நம் கண்முன் உறை பிரித்த புதிய ஊசி வேண்டும். ஒருவருக்குக் குத்திய ஊசி மற்றவருக்கு ஈரல் அழற்சிக் கிருமியைக் கொடுத்துவிடும். நம் நாட்டில் குழந்தைகளுக்கு ஈரல் அழற்சி ‘பி’ தடுப்பூசி 1989 முதல்தான் போடப்படுகிறது. அதற்குமுன் பிறந்தவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

குத்தியபின் கொதித்து ஆறிய நீர் ஒரு கோப்பையில் கால் தேக்கரண்டி உப்புக் கரைத்து, தினம் இருமுறை துடைத்தால் போதும். கையைச் சோப்பால் கழுவாமல் தோட்டைத் தொடவோ திருகவோ கூடாது. மஞ்சளும் எண்ணெயும் வேண்டாம். மலிவான கவரிங் நகையிலுள்ள நிக்கல் பலருக்கு அரிப்பை உண்டாக்கும். ஆறும்வரை நல்ல தங்கமே உகந்தது.

காது சிவந்து, வீங்கி, சீழ் வடிந்தால் அரசாங்கச் சுகாதார நிலையத்திற்குச் செல்லுங்கள். தோட்டை நாமாகக் கழற்றினால் துளை மூடிச் சீழ் உள்ளேயே தங்கக்கூடும். மேற்காது வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே போக வேண்டும். குருத்தெலும்பு கெட்டால் காதின் வடிவமே மாறிவிடும்.

திருவிழா அடுத்த ஆண்டும் வரும். ஆறாத காதோடு அவசரப்பட வேண்டாம்.