அனலும் புனலும்



கரி எரிக்கும் மின்நிலையம் ஒன்றேனும் இல்லாத குந்தா மலைப்பிரதேசத்தில் அனல்மின் உற்பத்தியை ஆராய இம்மாநாடு கூடியிருப்பது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம்; ஆயினும், 1932-இல் பைக்காராவிலும், பின்னர் கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா நாட்டின் உதவியோடு குந்தாவிலும் கெத்தையிலும் நீரிலிருந்து மின்சாரம் எடுத்த இம்மலைகளின் சரித்திரத்தை அறிந்தவர்களுக்கே, சமவெளியில் ஏன் கரியை நாட நேர்ந்தது என்பது நன்கு விளங்கும்.

மழை பொய்த்த ஆண்டில் அணை வற்ற, அதனால் ஆலைகளும் பம்புசெட்டுகளும் முடங்கும் என்ற அனுபவமே, 1962-இல் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைக் கொண்டும், பின்னர் 1970-இல் எண்ணூரிலும் 1979-இல் தூத்துக்குடியிலும் 1987-இல் மேட்டூரிலும் வெளிமாநிலக் கரியைக் கொண்டும் அனல்மின் உற்பத்தியைத் தொடங்கச் செய்தது. ஒடிசாவின் தால்சேரில் வெட்டிய கரி, பாரதீப் துறைமுகத்தில் கப்பலேறி வந்து, தூளாகிக் கொதிகலனில் எரிந்து, நீரை ஆவியாக்கி, அந்த ஆவியால் சுழலியை இயக்குகிறது. கரியின் உஷ்ணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது.

இரவு பகலாக இடைவிடாது ஓடும் ஸ்திரத்தன்மையே அனல்மின் நிலையத்தின் தலையாய குணம். குளிர்ந்துபோன கொதிகலன் மீண்டும் முழுப் பளுவை ஏற்பதற்குப் பல மணி நேரம் வேண்டும் என்பது அதன் குறை. கெத்தையின் சுழலிகளோ சில நிமிஷங்களில் வேகம் பிடிப்பவை. ஆகவே நாளெல்லாம் நிற்கும் அடிப்படைப் பளுவை அனலும், மாலையில் எழும் உச்சப் பளுவைப் புனலும் ஏற்பதென்ற ஏற்பாடு, நம் மின்வாரியத்தார் நெடுங்காலம் அனுசரித்த உத்தமமான முறையாகும்.

எனினும் கரியின் கடன்கள் பெரியவை. இந்தியக் கரியில் நூற்றுக்கு முப்பது முதல் நாற்பது பங்கு வரை சாம்பலே. அதில் ஒரு பகுதி சிமெண்டாகவும் செங்கல்லாகவும் பிரயோஜனப்பட, எஞ்சியது சாம்பல் குளங்களில் தேங்குகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு ஆகாயத்தில் கலக்கிறது.

இன்று பகலில் சூரிய மின்சாரம் பெருகி, அந்தியில் சட்டென்று மறைவதால், பழைய ஏற்பாடு நிலைகுலைந்திருக்கிறது. பகலின் உபரி மின்சாரத்தால் அவலாஞ்சி–எமரால்டு நீரைப் போர்த்திமந்து அணைக்கு ஏற்றி, இரவில் இறக்கி 500 மெகாவாட் பெறுவதற்கான குந்தா நீரேற்று மின்திட்டம், இதற்கு ஒரு விடை. கரியை ஒரேயடியாகத் தூற்றுவதும், அதையே நிரந்தரமாக நம்புவதும் விவேகமன்று என்பது என் அபிப்பிராயம்: அந்திப் பொழுதின் தேவையைச் சேமித்த நீர் எவ்வளவு ஏற்குமோ, அவ்வளவுக்கே பழைய கொதிகலன்களுக்கு ஓய்வளிப்பது நியாயம்.

அந்த அளவு எவ்வளவு, அதற்காக நம் மலையும் சோலைகளும் எவ்வளவு விலை கொடுக்கலாம் என்ற இரண்டு கேள்விகளையும் கணக்கோடு ஆராய்ந்து முடிவு கூறுமாறு அமர்வுகளின் தலைவர்களை வேண்டி, இம்மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.